தரிசு என்று தள்ளப்பட்ட நிலத்தில் ஒரு குடுவைக்கொடி

இலங்கைத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு கொடிக்கு ஐரோப்பியத் தாவரவியல் இட்ட பெயரின் பொருள் 'துயரின்மை' என்பதாகும். நெப்பந்திஸ் என்னும் அப்பெயர் கிரேக்கக் காவியம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தீவிலிருந்து துயரத்தைச் சுமந்துகொண்டு புறப்பட்ட நம்மவருள் மிகச் சிலரே இக்கொடியைக் கண்ணாற் கண்டிருப்பர். வடக்கிலும் கிழக்கிலும் அது வளர்வதில்லை. தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலங்களே அதன் உறைவிடம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திற் படித்த எம் தலைமுறைக்கு, பாடநூலின் ஒரு கோட்டுப்படமாக மட்டுமே அது அறிமுகமாயிற்று. சிங்கராஜா வனம் அன்று எமக்கு போர்ணியோவைப் போலவே எட்டாத் தொலைவில் இருந்தது.

பூச்சிகளைப் பிடித்துண்ணும் தாவரம் என்றவுடன் நம் கவனம் அதன் விந்தையிலேயே நின்றுவிடுகின்றது. பிள்ளைகளுக்கு வியப்பூட்டும் செய்தியாக அதைச் சொல்லி முடித்துவிடுகின்றோம். ஆயினும் இக்கொடியின் கதையில் விந்தையை விடப் பெரிய பொருள் ஒன்று உண்டு. அது நிலத்தைப் பற்றியது. எந்த நிலம் வளமானது, எந்த நிலம் வீணானது என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியைப் பற்றியது. மொன்றியலிலிருந்து இரண்டு மணிநேரத் தொலைவிலுள்ள சதுப்புநிலங்களிலும் இதே கேள்வி இன்று எழுந்து நிற்பதால், அதனை இங்கு சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

பெயரின் பயணம்

சிங்கள மக்கள் இக்கொடியைப் 'பாந்துரா' என அழைப்பர். இலங்கையில் வளரும் ஒரேயொரு நெப்பந்திஸ் இனம் இதுவே. தமிழ்ப் பாடநூல்கள் குடுவைத் தாவரம் என்று பொதுப்பெயரால் இதனைக் குறிப்பிடுகின்றன. நமது ஊர்களில் வளராத கொடிக்கு நமது பேச்சுவழக்கில் தனிப்பெயர் இல்லாதது இயல்பே. எனவே பாந்துரா என்ற பெயரையே நாமும் வழங்கலாம்.

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திலேயே இப்பெயர் கடல் கடந்து சென்றுவிட்டது. 1672ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன், அங்கு தங்கியிருந்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தாவரங்களைச் சேகரித்து உலர்த்தி, அவற்றின் சிங்களப் பெயர்களையும் பதிந்துவைத்தார். பின்னர் அவர் லெய்டன் நகரில் தாவரவியற் பேராசிரியரானார். 1680இல் டான்சிக் நகரத்துத் தாவரவியல் அறிஞர் யாக்கோப் பிரைனே இக்கொடியைப் பற்றி எழுதியபோது, 'சிங்களவரின் பாந்துரா' என்றே குறிப்பிட்டார். இக்கொடிக்கு முன்னதாக ஐரோப்பியர் பதிவுசெய்த வேறு குடுவைக்கொடி ஒன்றே ஒன்றுதான். அது 1658இல் பிரெஞ்சு ஆளுநர் பிளாக்கூர் மடகஸ்கார்த் தீவிலிருந்து விவரித்தது.

1695இல் ஹேர்மன் இறந்த பின் அவருடைய தொகுப்புகள் பல கைகள் மாறின. நெடுங்காலம் எங்கிருந்தன என்பதே அறியப்படாத நிலையில், டென்மார்க் அரச மருந்தாளர் ஒருவரிடம் அவை இருப்பது தெரியவந்து, சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸிடம் இரவலாக வந்து சேர்ந்தன. அவற்றை ஆதாரமாகக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை லின்னேயஸ் வெளியிட்டார். இன்று அத்தொகுப்பு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

நெப்பந்திஸ் என்ற பெயரை லின்னேயஸ் 1737இலேயே பயன்படுத்தியிருந்தார். ஹோமரின் ஒடிசியில், போரில் உறவுகளை இழந்து வருந்தியிருப்போரின் மதுவில் ஹெலன் ஒரு மருந்தைக் கலந்து கொடுக்கிறாள். அதை அருந்தியோர் தம் துயரை மறக்கின்றனர். அம்மருந்தின் பெயரே இது. நெடும்பயணத்தின் முடிவில் இத்தகைய ஒரு தாவரத்தைக் காணும் தாவரவியலாளர் பட்ட துன்பங்களை எல்லாம் மறந்துவிடுவார் என்ற கருத்திலேயே லின்னேயஸ் அதனைச் சூட்டினார். 1753இல் வெளிவந்த அவரது பெருநூலில் இலங்கைக் கொடி 'நெப்பந்திஸ் டிஸ்டிலற்றோரியா' ஆயிற்று. பின்னொட்டு, நீரை வடித்தெடுப்பது என்னும் பொருளைத் தருவது. குடுவைக்குள் தெளிந்த நீர் நிற்பதைக் கண்ட அக்காலத்தவர், கொடி நீரை வடித்துச் சேமிக்கிறது என்றே கருதினர். அது உணவு தேடும் கருவி என்பது எவருக்கும் தோன்றவில்லை.

இன்று இப்பேரினத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. போர்ணியோ, சுமாத்திரா, பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுகளிலேயே அவற்றுட் பெரும்பாலானவை செறிந்துள்ளன. மேற்கே மடகஸ்காரில் இரண்டு, செய்ஷெல்ஸ் தீவுகளில் ஒன்று, இலங்கையில் ஒன்று, வடகிழக்கு இந்தியாவின் மேகாலயாவில் ஒன்று எனச் சில மட்டும் தனித்து நிற்கின்றன. மரபணு ஆய்வுகள் இத்தனித்த இனங்களையே இக்குடும்பத்தின் தொன்மையான கிளைகளாகக் காட்டுகின்றன. பாந்துரா அவற்றுள் ஒன்று.

பொறியின் அமைப்பு

குடுவை என்பது பூவும் அன்று, காயும் அன்று. இலையின் ஒரு பகுதியே. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு, பற்றுத்தந்து போலச் சுருண்டு, அதன் முனை வீங்கிக் குடுவையாகின்றது. இளங்குடுவை மூடியுடன் இறுக ஒட்டியிருக்கும். முதிர்ந்தவுடன் மூடி ஒருமுறை திறக்கும், மறுபடி மூடுவதில்லை. பூச்சி விழுந்ததும் மூடி அடைத்துக்கொள்ளும் எனப் பலரும் எண்ணுவது தவறு. மழைநீர் நிறைந்து குடுவைச்சாறு நீர்த்துப்போகாமல் காக்கும் குடையாகவே மூடி பயன்படுகின்றது.

மூடியின் அடிப்புறத்திலும் குடுவையின் வாய்விளிம்பிலும் தேன் சுரக்கின்றது. அதைத் தேடி எறும்புகள் வருகின்றன. விளிம்பில் நுண்ணிய வரிகள் உள்ளன. காய்ந்திருக்கும் வேளையில் எறும்புகள் அதன்மேல் எவ்வித இடருமின்றி நடமாடும். மழையாலோ பனியாலோ விளிம்பு நனையும்போது, வரிகளுக்கிடையில் மெல்லிய நீர்ப்படலம் பரவ, கால்கள் பிடியிழந்து அவை உள்ளே வழுக்கி விழும். நனைந்த தெருவில் வாகனச் சில்லு சறுக்குவதைப் போன்ற இந்நிகழ்வை, போர்ணியோ இனம் ஒன்றில் ஹோல்கர் போன், வால்ற்றர் ஃபெடர்லே ஆகிய ஆய்வாளர்கள் 2004இல் விளக்கினர்.

விளிம்பு எப்போதும் வழுக்கினால் அன்றோ கொடிக்கு அதிக இலாபம் என்று கேட்கத் தோன்றும். 2015இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. காய்ந்த நேரத்தில் வரும் ஓர் எறும்பு, தேனைச் சுவைத்துப் புற்றுக்குத் திரும்பி ஏனையவற்றை அழைத்துவருகின்றது. கூட்டம் வந்து சேரும் வேளையில் விளிம்பு நனைந்திருந்தால் அறுவடை ஒன்றாகக் கிடைக்கும். ஒன்றை விட்டுவைத்துப் பலவற்றைப் பெறும் இவ்வமைப்பில் கொடிக்கு எண்ணம் ஏதுமில்லை; காலம் செதுக்கிய விளைவு அது.

உள்ளே விழுந்த பூச்சி ஏற முயன்றால், பல இனங்களில் மெழுகு பூசிய சுவர் அதன் கால்களுக்கு இடங்கொடாது. சில இனங்களின் சாறு நூலிழைபோல இழுபடும் பசைத்தன்மை கொண்டது. அதனால் சிறகடித்துத் தப்பவும் இயலாது. பின்னர் அமிலமும் நொதியங்களும் உடலைக் கரைக்கின்றன. 1874இல் பெல்பாஸ்ற் நகரில் நிகழ்ந்த பிரித்தானிய அறிவியற் கழகக் கூட்டத்தில், குடுவைக்குள் முட்டையின் வெண்கருவும் இறைச்சித்துண்டும் இட்டு அவை செரிமானம் அடைவதைக் கண்டறிந்த செய்தியை ஜோசப் ஹூக்கர் அறிவித்தார். மறு ஆண்டு சார்ள்ஸ் டார்வினின் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' வெளிவந்தது.

இத்தனை ஏற்பாடும் எதற்காக? பசிக்காக அன்று. சூரிய ஒளியிலிருந்து மாச்சத்தை ஆக்கும் வேலையை ஏனைய தாவரங்களைப் போலவே இக்கொடியும் செய்கின்றது. அதற்குக் குறைவாகக் கிடைப்பவை நைதரசனும் பொசுபரசுமே. மழை இடைவிடாது கழுவிச் செல்லும் மண்ணில் அவை தங்குவதில்லை. மண் தராததைக் காற்றில் பறப்பனவற்றிடமும் மரத்தில் ஊர்வனவற்றிடமும் இருந்து பெற்றுக்கொள்வதற்கே குடுவை. அவ்வாறாயின் வளமான உரத்தை இட்டால் கொடி செழிக்குமா? செழிக்காது. உரம் மிகுந்தால் குடுவை தோன்றுவது குறையும். வேர் கருகிக் கொடி மடிவதும் உண்டு. வறிய மண்ணுக்கென அமைந்த உயிர் இது.

கொலை மட்டுமே தொழிலன்று

குடுவைக்கொடிகள் அனைத்தையும் கொலைகாரத் தாவரங்கள் என்று வகைப்படுத்துவதும் பொருந்தாது. போர்ணியோ மலைகளில் வளரும் ஓர் இனத்தின் முதிர்ந்த குடுவைகளில், மூஞ்சூறை ஒத்த மரவாழ் விலங்கு ஒன்று வந்தமர்ந்து மூடியின் சுரப்பை நக்குகின்றது. நக்கும்போதே குடுவைக்குள் மலங்கழித்துச் செல்கின்றது. அக்கொடியின் இலைகளிலுள்ள நைதரசனில் பாதிக்கும் மேற்பட்டது இவ்வெச்சத்திலிருந்து கிடைப்பதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. வேறோர் இனத்தின் நீண்ட குடுவைக்குள் சிறு வௌவால்கள் பகற்பொழுதில் உறங்குகின்றன. கொடி இடம் கொடுக்கின்றது. வௌவால் எச்சத்தை வாடகையாகக் கொடுக்கின்றது.

மேகாலயாவின் காரோ மக்கள் தங்கள் மலையில் வளரும் குடுவைக்கொடியைப் 'பேயின் கூடை' என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். காசி மக்களின் மொழியில் அது 'அரக்கப்பூ'. அச்சமூட்டும் பெயர்களைத் தாங்கிய அக்கொடி, சேகரிப்பாளரின் ஆசைக்கு இரையாகியும் நிலக்கரிச் சுரங்கம் போன்றவற்றால் இடமிழந்தும் அருகிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான தடைக்குரிய பட்டியலில், அது 1987இல் சேர்க்கப்பட்டது. பாந்துரா உட்படப் பெரும்பாலான ஏனைய குடுவைக்கொடிகள் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாடு கடத்த முடியாது. விடுமுறைக்கு ஊர் செல்வோர், நினைவுக்காக ஒரு கொடியைப் பிடுங்கிப் பயணப்பெட்டியில் வைத்துவரலாமென எண்ணாதிருப்பது நன்று.

யாருக்குத் தரிசு?

பாந்துராவைக் காண அடர்காட்டின் நடுவே செல்லவேண்டியதில்லை. இரத்தினபுரி, களுத்துறை, காலி மாவட்டங்களில், சிங்கராஜா, கன்னெலிய போன்ற காடுகளின் ஓரங்களிலும், நீர் ஊறும் புதர்வெளிகளிலும், தெருவோர மண்மேடுகளிலும், 'கெக்கில்ல' எனப்படும் பன்னம் படர்ந்த திறந்த நிலங்களிலும் அது படர்கின்றது. ஒளி வேண்டும், ஈரம் வேண்டும், மண் வறியதாக இருக்கவேண்டும். இம்மூன்றும் கூடும் இடங்கள் எவை? பயிர்செய்வோரின் பார்வையில் பயனற்றவை என ஒதுக்கப்படும் இடங்களே அவை.

இங்குதான் இக்கொடியின் இடர் தொடங்குகின்றது. பெருமரக் காட்டை வெட்டினால் எதிர்ப்பு எழும். 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்காகச் சிங்கராஜாவில் மரங்கள் தறிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பினால் 1977இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் பன்னம் படர்ந்த ஒரு மேட்டைச் சீவித் தேயிலை நடும்போதோ, தெருவை அகலமாக்கும்போதோ, நீர்ப்பள்ளத்தை நிரவி வீடு கட்டும்போதோ யாரும் குரல் எழுப்புவதில்லை. 'சும்மா கிடந்த நிலம்' என்ற ஒரு சொல் போதுமானதாகிவிடுகின்றது.

அச்சொல்லுக்கு இலங்கையில் ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் இருந்த நிலங்கள், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. சேனைப் பயிருக்கும், மேய்ச்சலுக்கும், விறகுக்கும், மூலிகைக்குமாகத் தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தவர் பயன்படுத்திவந்த நிலங்கள் இதனால் கோப்பித்தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கென்றே தமிழகத்திலிருந்து நம் மக்கள் கால்நடையாக அழைத்துவரப்பட்டனர். 1869இல் கோப்பி இலைநோய் பரவிய பின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தரிசு என்ற சொல்லால் பறிக்கப்பட்ட நிலத்தில் உழைத்த அம்மக்களையே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது. நிலத்தை 'யாருடையதும் அன்று' என்று எழுதிய கையும், மனிதரை 'எந்நாட்டவரும் அல்லர்' என்று எழுதிய கையும் வெவ்வேறு அரசுகளுடையவை. ஆயினும் இரண்டும் ஒரே வகையான பார்வையிலிருந்து பிறந்தவை: தமக்குப் பயன்படாத முறையில் இருக்கும் ஒன்று இல்லாததற்குச் சமம் என்னும் பார்வை.

கியூபெக்கின் குடுவை

நாம் இன்று வாழும் மாகாணத்திற்கும் ஒரு குடுவைத் தாவரம் உண்டு என்பதைப் பலர் அறியார். 'சரசீனியா பர்ப்யூரியா' என்னும் அதன் பெயரிலேயே கியூபெக்கின் வரலாறு இருக்கின்றது. புதிய பிரான்ஸில் அரச மருத்துவராகப் பணியாற்றி 1734இல் கியூபெக் நகரில் மறைந்த மிஷெல் சராசன், இத்தாவரத்தைப் பாரிஸிலிருந்த தாவரவியலாளர் தூர்னபோருக்கு அனுப்பினார். அனுப்பியவரின் பெயரே தாவரத்துக்கு ஆயிற்று. ஹேர்மன் காலியிலும் கொழும்பிலும் செய்த பணியைச் சராசன் சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் செய்தார் எனலாம்.

சரசீனியாவும் பாந்துராவும் உறவினரல்ல. ஒன்று கொடி, மற்றையது பாசிமீது வட்டமாக அமர்ந்திருக்கும் செடி. ஒன்றின் குடுவை இலைநுனியில் தொங்கும்; மற்றையதில் முழு இலையுமே சுருண்டு நிமிர்ந்த குடுவையாகி மழைநீரை ஏந்தும். ஒன்று வெப்பத்தில் வாழ்வது. மற்றையது பனிக்கட்டியின் கீழ் உறைந்து கிடந்து இளவேனிலில் மீள்வது. இரு வேறு வழியில் வந்த தாவரங்கள் ஒரே விடையைக் கண்டடைந்தமைக்குக் காரணம், இரண்டுக்கும் கிடைத்த மண் ஒரே விதமாக வறியதாயிருந்தமையே.

சரசீனியாவின் குடுவைநீரில் மட்டுமே தன் குடம்பிப் பருவத்தைக் கழிக்கும் நுளம்பு ஒன்று உண்டு. அக்குடம்பிகள் குளிர்காலம் முழுவதும் குடுவைக்குள் பனிக்கட்டியில் உறைந்திருந்து பின் உயிர்ப்பெய்துகின்றன. 1972க்கும் 1996க்கும் இடையில், இந்நுளம்பின் வடபுலத்துக் குடிகள் உறக்கத்திற்குச் செல்லும் காலம் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் பிந்தியதை அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2001இல் காட்டினர். புவி வெப்பமாதலுக்கு ஓர் உயிரினம் மரபணு மட்டத்தில் எதிர்வினையாற்றியதற்கான முந்திய சான்றுகளில் இதுவும் ஒன்று. ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவிலோ, ஐந்து குடுவைகளில் ஒன்றில் சிறு சலமந்தர் குஞ்சுகள் விழுந்து கிடப்பதை 2019இல் ஆய்வாளர்கள் கண்டனர். பூச்சியுண்ணும் தாவரம் என்ற பெயரே குறுகியது என்பதை இது உணர்த்தியது.

நியூபவுண்லாந்து இத்தாவரத்தை 1938 முதல் 1947 வரை தனது ஒரு சத நாணயத்தில் பொறித்தது. 1954இல் அதையே மாகாண மலராக ஏற்றது. வடகியூபெக்கின் கிறீ மக்கள் தம் மரபு மருத்துவத்தில் இதனைப் பயன்படுத்திவந்தனர். அம்மக்களிடையே நீரிழிவு பெருகியதைத் தொடர்ந்து, அவர்களுடைய மூத்தோர் கூறிய மூலிகைகளை மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களோடு இணைந்து ஆராய்ந்தபோது சரசீனியாவும் அவற்றுள் இடம்பெற்றது. நீரிழிவு நம் சமூகத்தையும் வாட்டுவதால் இச்செய்தி நம்மவர்க்கு ஆர்வமூட்டலாம். ஆயினும் ஆய்வுகூடத்து முடிவு மருந்தாகிவிடாது. சதுப்பில் பிடுங்கியதைக் காய்ச்சிக் குடிப்பது ஆபத்தானது.

பையில் விற்கப்படும் சதுப்பு

கனடாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இத்தகைய கரிச்சதுப்பாகும். அழுகாத பாசி அடுக்கடுக்காகப் படிந்து, ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் உயர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆழ்ந்த படிவமாகின்றது. அதில் அடைபட்டிருக்கும் காபன் அளவிறந்தது. பாடநூலில் முற்றாநிலக்கரி எனப் படித்ததை, இங்குள்ள தோட்டக்கடைகளில் 'பீற் மொஸ்' என்று பையில் அடைத்து விற்கின்றனர். கியூபெக்கும் நியூ பிரன்ஸ்விக்கும் அதனை வெட்டியெடுத்து ஏற்றுமதி செய்யும் முதன்மை மாகாணங்கள்.

சதுப்பு நிலத்தின் மீதும் 'வீண்நிலம்' என்ற முத்திரை நெடுங்காலம் குத்தப்பட்டிருந்தது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் பயிர்நிலமாகும், வெட்டியெடுத்தால் பணமாகும் என்பதே கணக்காக இருந்தது. இன்று அக்கணக்கு மாறிவருகின்றது. லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீன் ரோஷ்ஃபோரும் அவர்தம் குழுவினரும் 1990களிலிருந்து, வெட்டி முடிக்கப்பட்ட சதுப்புகளின் வாய்க்கால்களை அடைத்து, அண்டைச் சதுப்பிலிருந்து பாசித்துண்டுகளைக் கொணர்ந்து பரப்பி, வைக்கோலால் மூடி, மீண்டும் பாசி தழைக்கச் செய்யும் முறையை வளர்த்தெடுத்தனர். பாசி சில ஆண்டுகளில் மீளும். ஆழ்ந்த படிவம் மீள்வதற்கு வேண்டியது ஆயிரமாண்டுகள்.

மொன்றியலின் செடிக்கடைகளில் தொங்குதொட்டியில் விற்கப்படும் குடுவைக்கொடி பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் இனங்களின் கலப்பு. இழைய வளர்ப்பு முறையில் ஆய்வுகூடத்தில் பெருக்கப்படுவதால் அதை வாங்குவதில் தவறேதுமில்லை. காட்டுக்கொடிகளின் மீதான அழுத்தமும் அதனாற் குறைகின்றது. அத்தொட்டியை நிரப்பியிருப்பது பெரும்பாலும் கரிச்சதுப்புப் பாசியே என்பதை மட்டும் கருத்திற் கொள்ளல் வேண்டும். வெப்பநாட்டுக் குடுவையை வீட்டில் வளர்ப்பதற்காகக் குளிர்நாட்டுக் குடுவையின் வீட்டை வெட்டுகின்றோம். தேங்காய்த்தும்பும் நீள்பாசியும் கலந்து வளர்ப்போரும் உளர். தேங்காய்த்தும்பு நம் நாட்டின் ஏற்றுமதிப்பொருள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வளர்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: குழாய்நீரில் உள்ள உப்புகள் வேரைப் பாதிக்கும். மழைநீர், வடித்தநீர் அல்லது தெருவுப்பு படாத தூய பனியை உருக்கி அறைவெப்பத்துக்கு வந்த நீர் ஏற்றது. உரம் இடவேண்டாம். இறைச்சி போடவேண்டாம், குடுவை அழுகும். குளிர்காலத்தில் வெப்பமூட்டியின் வறண்ட காற்றிலிருந்து விலக்கி, நல்ல ஒளியுள்ள யன்னலருகே வைக்கவும். குடுவைகள் காய்வது பெரும்பாலும் காற்றின் ஈரம் போதாமையால் ஆகும்.

காக்கவேண்டியது எது?

கண்ணாடி இல்லத்திலோ தொட்டியிலோ ஒரு கொடி வாழ்ந்தால் அவ்வினம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று ஆறுதல் கொள்ள முடியாது. குடுவைக்கொடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. தனித்த ஒரு கொடி எவ்வளவு செழித்தாலும் விதை தராது. இரண்டும் அண்மையில் இருக்கவேண்டும். ஒரே காலத்தில் பூக்கவேண்டும். மகரந்தத்தை எடுத்துச்செல்லும் பூச்சி வேண்டும். மெல்லிய விதை காற்றில் சென்று விழ, இன்னொரு வெளியான ஈரமண் வேண்டும். தாவரம் என்று நாம் காண்பது இவையனைத்தின் ஒரு முனையை மட்டுமே. ஆகவே காக்கவேண்டியது கொடியை அன்று, அது நிற்கும் நிலத்தை.

1931இல் சகோதரர் மரி-விக்ரோரன் மொன்றியல் தாவரவியல் பூங்காவை நிறுவியபோது இதே எண்ணம் அவருக்கிருந்தது எனலாம். 1935இல் சென் லோறன்ஸ் பள்ளத்தாக்கின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை அவர் பிரெஞ்சுமொழியில் எழுதி முடித்தார். தன் மண்ணில் வளர்வதைத் தன் மொழியில் அறியாத சமூகம், அம்மண்ணைப் பேணாது என்பது அவர் வாழ்நாட் கொள்கை. கியூபெக் மக்கள் இதனைப் பின்பற்றித் தம் மொழியில் தம் செடிகளுக்குப் பெயர் சொல்லக் கற்றனர்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நாம் விட்டுவந்த தீவின் தெற்கையும் நமது அறிவுக்குரியதாகக் கொள்ளவேண்டும். நெடுங்காலம் வேலிகளும் காவலரண்களும் பிரித்துவைத்த நிலம் என்பதால், அதன் செடிகொடிகளும் நமக்கு அயல் ஆகிவிடமாட்டா. பாந்துராவுக்குச் சிங்களப் பெயர் மட்டும் உண்டு. அதைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு எத்தடையும் இல்லை. அதேபோல், நாம் வந்து சேர்ந்த நாட்டின் சதுப்பும் நமது அறிவுக்குரியதே. ஷேர்புறூக் நகருக்கு அண்மையில் உள்ள ஜோன்வில் சதுப்பில் பலகைப்பாதை அமைத்துள்ளனர். கோடையின் தொடக்கத்தில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றால், பாசிமீது சிவந்து நிற்கும் குடுவைகளையும் அவற்றின் குனிந்த பூக்களையும் பாதையை விட்டிறங்காமலே காட்டலாம். அவற்றைப் பிடுங்கலாகாது என்றும், அந்நிலம் ஏன் பயிர்நிலமாக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்றும் சொல்லலாம்.

அப்போது அவர்கள் கேட்பார்கள்: ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லுங்கள். அதன் பெயர் பாந்துரா என்று சொல்லுங்கள். தெருவோரத்துப் பன்னங்காட்டில், எவரும் வேண்டாமென்று விட்ட மண்ணில் அது வளர்கிறது என்றும், அம்மண்ணை எவரும் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று சொல்லாதிருக்கும் வரையில்தான் அது வளரும் என்றும் சொல்லுங்கள்.